ஆயாவின் கேள்வி



சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்தின் உச்சிக் கோபுரத்தில் ஒரு காலத்தில் கலங்கரை விளக்கம் எரிந்தது. 1894 முதல் 1977 வரை கடலில் சென்றோருக்கு அது வழிகாட்டியது. இராயபுரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, நீதிமன்றம் என்றதும் இன்றும் முதலில் நினைவுக்கு வருவது அந்த விளக்கே.

அண்மையில், காசிமேட்டில் மீன் விற்கும் மூதாட்டி ஒருவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். அவருடைய மகனுக்கும் மருமகளுக்கும் விவாகரத்து ஆகிவிட்டது. ஆறு வயதுப் பேரன் தாயுடன் எண்ணூரில் இருக்கிறான். மாதத்தில் இரண்டு நாள் தந்தை பார்க்கலாம் என்பது உத்தரவு. தந்தைக்கோ கப்பலில் வேலை. ஆண்டில் பாதி நாள் ஊரில் இரான். பிறந்தது முதல் அப்பிள்ளையைக் குளிப்பாட்டிச் சோறூட்டியவர் இந்த ஆயா. "பெத்தவங்களுக்குத்தான் பாத்தியதையா சார்? வளத்தவளுக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார். அவருக்கு விடை தேடிய முயற்சியே இன்றைய என் பேச்சு.

பிள்ளை யாருக்கு உரியது என்னும் வழக்குகளில் நம் ஊரில் பெரும் புகழ் பெற்றது ஒன்று உண்டு. அதில் விவாகரத்தும் இல்லை, பாட்டியும் இல்லை. ஆயினும் நம் கேள்வியின் வேர் அங்கே இருக்கிறது. பின்னாளில் உலகறிந்த சிந்தனையாளரான ஜே. கிருஷ்ணமூர்த்தியும் அவர் தம்பி நித்யானந்தாவும் தாயை இழந்த சிறுவர்கள். அவர்களுடைய தந்தை நாராயணய்யா, 1910-ஆம் ஆண்டில் இருவரையும் அன்னி பெசன்ட் அம்மையாரின் பாதுகாப்பில் ஒப்படைத்தார். பின்னர் மனம் மாறி, 1912-இல் பிள்ளைகளைத் திருப்பித் தருமாறு வழக்குத் தொடுத்தார். 1913-இல் சென்னை உயர்நீதிமன்றம் தந்தையின் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. ஆனால் 1914 மே மாதத்தில் லண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை மாற்றியது.

தந்தையின் காப்புரிமை ஒரு புனிதமான பொறுப்பு என்பதையும், பிறரிடம் ஒப்படைத்ததை அவர் திரும்பப் பெறலாம் என்பதையும் பிரிவி கவுன்சில் ஒப்புக்கொண்டது. ஆயினும் பிள்ளைகளின் நலனை மீறி அவ்வுரிமை செல்லாது என்றது. அச்சிறுவர்களோ அப்போது இங்கிலாந்தில் இருந்தனர். அவர்கள் வழக்கில் ஒரு தரப்பாகச் சேர்க்கப்படவில்லை. அவர்கள் பொருட்டு வாதாடவும் எவரும் இல்லை. பெரியவர்கள் இருவர் வழக்காட, யாரைப் பற்றிய வழக்கோ அவர்கள் குரல் மட்டும் அம்மன்றத்தில் ஒலிக்கவில்லை. இதை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

இனிச் சட்டம் நடந்த வழியைப் பார்ப்போம். 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம், காப்பாளரை நியமிக்கும்போது பிள்ளையின் நலத்தை நோக்கச் சொன்னது; உறவின் நெருக்கத்தையும், விவரம் அறிந்த பிள்ளையாயின் அதன் விருப்பத்தையும் கருதச் சொன்னது. 1949-இல் சென்னை மாகாணமும், 1955-இல் நாடு முழுமைக்குமான சட்டமும் இந்துக்களுக்கு விவாகரத்துக்கு வழி வகுத்தன. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் தந்தையை முதற் காப்பாளராகவும், அவருக்குப் பின் தாயையும் வைத்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை பொதுவாகத் தாயிடமே இருக்கட்டும் என்றது. பிள்ளையின் நலமே தலையாயது என்றும் விதித்தது. 'தந்தைக்குப் பின்' என்பது அவர் இறந்த பின் என்றுதான் பொருள்படும் என்பதில்லை என்று உச்சநீதிமன்றம் 1999-இல் விளக்கியது.

இவ்வளவிலும் பாட்டனும் பாட்டியும் எங்கே? பெற்றோர் இருவரும் இல்லாதபோது அவர்களுக்கு இடம் உண்டு. கொரோனாவில் தாய் தந்தையரை இழந்த ஒரு சிறுவனை, முதுமையையும் குறைந்த வருவாயையும் காரணமாக்கி மறுக்காமல், தந்தைவழித் தாத்தா பாட்டியிடமே 2022-இல் உச்சநீதிமன்றம் ஒப்படைத்தது. ஆனால் பெற்றோர் உயிருடன் பிரிந்து வாழும்போது, பேரனைப் பார்க்கும் தனி உரிமையை நம் சட்டம் அவர்களுக்கு எழுதித் தரவில்லை. 2015-இல் சட்ட ஆணையம் தன் 257-ஆவது அறிக்கையில், அவர்கள் பிள்ளையுடன் கழிக்கும் நேரத்தையும் கருத வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை. இன்று அவர்களுக்குள்ள வழி, நீதிமன்றத்தின் கருணையும், சமரச ஒப்பந்தத்தில் இரு தரப்பாரும் மனமொப்பி எழுதிக்கொள்ளும் ஒரு வரியும்தான்.

பிற நாடுகளும் இதில் ஒரே வழியில் செல்லவில்லை. பிரான்சு நாட்டுச் சட்டம், பாட்டன் பாட்டியருடன் உறவாடும் உரிமையைப் பிள்ளைக்கே உரியதாக வைத்தது. அமெரிக்க உச்சநீதிமன்றமோ 2000-இல், தகுதியுள்ள தாயின் முடிவுக்கு உரிய மதிப்பளிக்காமல் பாட்டன் பாட்டிக்கு நேரம் ஒதுக்கிய ஓர் உத்தரவை ஏற்க மறுத்தது. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. முறிந்த குடும்பத்தின் பழம்பூசல் பாட்டியின் வாய்வழியே மகனின் காதில் விழுமோ என்று ஒரு தாய் அஞ்சுவது இயல்பே அல்லவா?

இவற்றையெல்லாம் அந்த ஆயாவிடம் எளிய சொற்களில் சொன்னேன். "என் உரிமை என்று கேட்டால் கதவு திறப்பது கடினம், ஆயா. பேரனுக்கு நல்லது என்று கேளுங்கள். அவனுடைய தாயைப் பற்றி அவன் காதுபட ஒரு குறையும் சொல்ல மாட்டேன் என்று முதலில் அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "சொல்றேன் சார். ஆனா அவன் ஆறு வயசுப் புள்ள. ஆயாவைப் பாக்கணும்னு கோர்ட்டுல அவன் எப்படிச் சொல்லுவான்?" என்றார்.

1914-இல் எழுந்த அதே கேள்வி இது. பிள்ளையால் வந்து சொல்ல இயலாததை நீதிமன்றம் தேடிக் கேட்க வேண்டும். நீதிமன்றத்துக்கும் முன்னதாகப் பெற்றோர் கேட்க வேண்டும். எண்ணூருக்கும் காசிமேட்டுக்கும் இடையே தொலைவு அதிகமில்லை. அவ்வளவு தூரத்தை ஒரு குழந்தை கடந்து வர, சட்டம் எழுதப்படும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.