கடலூருக்கு வராத தங்கம்

கடலூர் தேவனாம்பட்டினம் பீச்சுக்குப் போகிறவர்கள் சுண்டல் கொறித்து, காற்று வாங்கிவிட்டுத் திரும்பிவிடுவது வழக்கம். கெடிலம் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம் கொஞ்சம் இருக்கிறது. அதை எட்டிப் பார்க்கிறவர்கள் ரொம்பக் குறைவு.

1690-ல் மராட்டியர்களிடமிருந்து ஆங்கிலேயர்கள் வாங்கிய கோட்டை இது. எல்லையை எப்படி அளந்தார்கள் தெரியுமா? நாலா பக்கமும் பீரங்கியால் சுடுவது, குண்டு எங்கே போய் விழுகிறதோ அதுவரை கம்பெனிக்குச் சொந்தம்! அந்தக் கிராமங்களுக்கு 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்துவிட்டது.

இந்தக் கோட்டைக்கு வரவேண்டிய ஒரு பெட்டித் தங்கம் வந்து சேரவே இல்லை. பெட்டியின் சொந்தக்காரர் சாதாரண ஆள் அல்ல... ராபர்ட் கிளைவ்!

1755 ஏப்ரல். 29 வயது கிளைவ், செயின்ட் டேவிட் கோட்டையின் துணை கவர்னராக இங்கிலாந்திலிருந்து கிளம்புகிறார். மொத்தம் ஐந்து கப்பல்கள். அவர் ஏறியது 'ஸ்ட்ரெத்தம்' என்ற கப்பலில். அவருடைய தங்கப் பெட்டி ஏறியது 'டாடிங்டன்' என்ற இன்னொரு கப்பலில். பிரெஞ்சுக்காரர்களோடு மோதுவதற்காக பீரங்கிப் படையினரும் வெள்ளிப் பணமும் அதே கப்பலில்தான் வந்தன.

ஜூலை 17, நள்ளிரவு தாண்டிய நேரம். டாடிங்டன் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு வேகமாக வருகிறது. கரை தூரத்தில் இருப்பதாக மாலுமிகள் கணக்குப் போட்டிருந்தார்கள். கடலில் தீர்க்கரேகையைச் சரியாகக் கணிக்கும் கடிகாரம் அப்போது புழக்கத்துக்கு வரவில்லை. எல்லாம் உத்தேசக் கணக்குதான். கணக்குத் தப்பியது! தென்னாப்பிரிக்காவின் அல்கோவா வளைகுடாவில், பறவைத் தீவு என்கிற சின்னஞ்சிறு தீவின் பாறையில் கப்பல் மோதி, சில நிமிடங்களில் சுக்குநூறானது. கப்பலில் இருந்தது 270 பேர். கரையேறியது 23 பேர்.

பிழைத்தவர்களில் ஒருவர், துணை அதிகாரி காலெட். அவருடைய மனைவியும் அதே கப்பலில் வந்தவர். சில நாட்களில் அந்தப் பெண்ணின் உடல் கரை ஒதுங்கியது. கண்டெடுத்த நண்பர்கள் காலெட்டிடம் சொல்லவில்லை. அவரை வேறு பக்கம் அழைத்துப் போய்விட்டு, ரகசியமாக ஜெபம் சொல்லி அடக்கம் செய்தார்கள். பிறகு மெல்ல விஷயத்தைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. அவள் விரலிலிருந்து கழற்றி வைத்திருந்த கல்யாண மோதிரத்தைக் கையில் கொடுத்த பிறகுதான் நம்பினார்.

ஏழு மாதம் அந்தத் தீவில் பறவை முட்டை, மீன், கடல் நாய் மாமிசம் என்று வயிற்றைக் கழுவினார்கள். நல்லவேளையாக, பிழைத்தவர்களில் ஒரு தச்சர் இருந்தார். கரை ஒதுங்கிய மரங்களை வைத்து ஒரு சிறு கப்பலைக் கட்டினார்கள். நடுவில் ஒரு கூத்து! கரை சேர்ந்திருந்த கம்பெனியின் பணப்பெட்டியை யாரோ உடைத்து, பெரும்பகுதியைச் சுருட்டிவிட்டார்கள். "நான் எடுக்கவில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்யுங்கள்" என்றார்கள் அதிகாரிகள். பெரும்பாலானவர்கள் சத்தியம் செய்ய மறுத்துவிட்டார்கள். நடுக்கடல் தீவில், திரும்ப வழியே தெரியாத நிலையிலும் மனுஷன் மனுஷன்தான்!

1756 பிப்ரவரியில் கிளம்பி, வழியில் சிலரைப் பறிகொடுத்து, வேறு கப்பல் மாறி, மிச்சம் இருந்தவர்கள் அதே ஆண்டு சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். கிளைவின் தங்கம் மட்டும் கடலுக்கு அடியிலேயே தங்கிவிட்டது.

இருநூறு வருடங்களுக்கும் மேலாக அதை யாரும் தொடவில்லை. முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு, மீன் மாதிரி நீந்தும் 'ஸ்கூபா' முறைக்கு வழிவிட்ட கருவியை பிரான்சில் கூஸ்தோவும் காக்னானும் உருவாக்கியது 1943-ல்தான். அதன் பிறகு உலகம் முழுக்க மூழ்கிய கப்பல்களைத் தேடி ஆட்கள் இறங்க ஆரம்பித்தார்கள்.

டாடிங்டன் கிடந்த இடத்தில் ஆழம் பெரிதில்லை. ஆனால் அங்கே அலை முரடானது. கடல் நாய்களைத் தின்ன வரும் சுறாக்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகக் குளிர். கொடைக்கானல் பக்கம் வில்பட்டியில் மார்கழி விடியலில் தொட்டித் தண்ணீருக்குள் கையை விட்டுப் பாருங்கள்... ஒரு நிமிடத்தில் விரல் மரத்துவிடும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை உறிஞ்சிவிடும் என்பதுதான் காரணம். அதனால்தான் குளிர்கடலில் இறங்குகிறவர்கள் தடித்த ரப்பர் போன்ற உடையை உடம்போடு ஒட்டப் போட்டுக்கொள்கிறார்கள். விரல் மரத்தால் முடிச்சுப் போட முடியாது, கருவியைத் திருக முடியாது. மூளை சோர்ந்தால் காற்று எவ்வளவு மிச்சம் என்ற கணக்கும் தப்பிவிடும்.

இவ்வளவையும் மீறி, 1977-ல் டேவிட் ஆலன், ஜெரி வான் நீகெர்க் என்ற இரண்டு தென்னாப்பிரிக்கர்கள் டாடிங்டனைக் கண்டுபிடித்தார்கள். பீரங்கிகளும் பலவகைப் பொருட்களும் மேலே வந்தன. போர்ட் எலிசபெத் (2021 முதல் கெபெர்ஹா) நகரத்து அருங்காட்சியகத்துக்கும் ஒரு பகுதி போனது.

இருபது வருடம் கழித்து, 1997-ல் லண்டனில் ஒரு பரபரப்பு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய தங்கக் காசுகள் ஏலத்துக்கு வருகின்றன, 'கிளைவின் தங்கம்' என்ற அடைமொழியோடு! "எங்கள் கடலிலிருந்து அனுமதியில்லாமல் எடுக்கப்பட்டது" என்று தென்னாப்பிரிக்கா ஆட்சேபித்தது. ஏலம் நின்றது. பல ஆண்டு வழக்கு. கடைசியில் சமரசம். காசுகளில் ஒரு பகுதி தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பியது.

கிளைவுக்கு நஷ்டமா? அவர் 1756 ஜூனில் நம் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்து பொறுப்பேற்றார். அடுத்த வருடம் ஜூனில் பிளாசி யுத்தம். அந்த ஒரு வெற்றியில் அவருக்குக் கிடைத்தது 2,34,000 பவுண்டு! கடலில் போன பெட்டியை வங்காளத்துக் கஜானா பலமடங்காக ஈடுகட்டிவிட்டது. ஆக, அந்தத் தங்கத்தில் ஏலக்காரருக்குப் பங்கு, தென்னாப்பிரிக்காவுக்குப் பங்கு. குண்டு விழுந்த இடமெல்லாம் பறிகொடுத்த கடலூர்க்காரர்களின் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை.

நம் கடலிலும் கப்பல்கள் கிடக்கின்றன. பூம்புகாருக்கு அப்பால், சுமார் 20 மீட்டர் ஆழத்தில், தேசியக் கடலியல் நிறுவனத்து ஆட்கள் மூழ்கிப் பார்த்தபோது ஈயக் கட்டிகள் கிடைத்தன. அவற்றில் ஆங்கில முத்திரை, 1791, 1792 என்ற ஆண்டுகள். இங்கிலாந்தின் சுரங்கத்து ஈயம், சோழர் துறைமுகத்து வாசலில்! ஒவ்வொரு கட்டியும் எங்கே, எப்படிக் கிடந்தது என்று குறித்துவைத்து எடுத்ததால்தான் அந்தக் கட்டிகள் இன்று கதை சொல்கின்றன.

லண்டன் காசுகளின் நிலைமை வேறு. எந்தப் பாறை இடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தன என்று எழுதிவைக்காமல் வந்தவை அவை. எடை போடலாம், விலை பேசலாம், அவ்வளவுதான். காலெட்டின் கையில் கொடுத்த அந்த மோதிரமும் தங்கம்தான். யார் விரலிலிருந்து வந்தது என்று தெரிந்ததால்தான் இருநூற்று எழுபது வருடம் கழித்தும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.