பாட்டியோட பேரைத் தொலைக்காத ஒரு நாடு: ஸ்காட்லாந்தின் பழைய பதிவேடுகள்

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். நீங்க எத்தனை மணிக்குப் பிறந்தீங்கன்னு உங்க பர்த் சர்டிஃபிகேட்ல இருக்கா? பெரும்பாலும் இருக்காது. அது ஜாதக நோட்டுல இருக்கும். ஆனால் ஸ்காட்லாந்தில் 1855-லிருந்தே பிறந்த நேரத்தை அரசாங்கப் பதிவேட்டிலேயே எழுதுகிறார்கள். பக்கத்து இங்கிலாந்தில் இரட்டைக் குழந்தைகளுக்கு மட்டும்தான் நேரம் குறிப்பது வழக்கம். இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்த்துட்டுத்தான் நான் இந்த ரூட்ல உள்ளே போனேன்.

1855 ஜனவரி 1-ம் தேதி ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் பதிவு செய்வது சட்டப்படி கட்டாயமானது. இங்கிலாந்து இதை 1837-லேயே தொடங்கிவிட்டது. லேட்டா வந்தவங்க ஹோம்வொர்க் நல்லா பண்ணிட்டு வந்தாங்க. பிறப்புப் பதிவில் பெற்றோரின் வயது, அவர்கள் பிறந்த ஊர், எப்போது எங்கே கல்யாணம் நடந்தது, இந்தக் குழந்தைக்கு முன்னால் எத்தனை குழந்தைகள், அதில் எத்தனை உயிரோடு இருக்கின்றன, எத்தனை இறந்துவிட்டன என்பது வரை கேட்டார்கள். இறப்புப் பதிவில் இறந்தவருடைய எல்லாக் குழந்தைகளின் பெயரும் வயதும்!

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும்னு தெரியும். ஃபார்ம்ல இவ்வளவு ஃபீல்டு வெச்சா, நிரப்புறவன் அழுவான். பதிவாளர்களால் சமாளிக்க முடியவில்லை. 1856-லேயே பல விவரங்களை வெட்டிவிட்டார்கள். பெற்றோரின் திருமணத் தேதியும் இடமும் மட்டும் 1861-ல் மறுபடி வந்தன. அதனால் குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு 1855 ஒரு லாட்டரி வருஷம். உங்கள் மூதாதையர் ஒருவர் அந்த ஒரு வருஷத்தில் பிறந்திருந்தாலோ இறந்திருந்தாலோ, ஒரே பக்கத்தில் ஒரு குடும்பமே கிடைக்கும்.

சரி, தேடல் எப்படி நடக்குது? எப்போதும் பின்னோக்கித்தான். பிறப்புப் பதிவு பெற்றோரின் கல்யாணத் தேதியைச் சொல்லும். கல்யாணப் பதிவுக்குப் போனால், மணமக்கள் இருவருடைய அப்பா, அம்மா பெயர்களும் இருக்கும். அம்மாவின் பெயர் என்றால் அவர் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடு. இறப்புப் பதிவிலும் அப்படியே. ஒவ்வொரு பதிவும் அடுத்ததுக்கு ஒரு பாயிண்டர்.

இதில் அம்மாவின் பெயர் ஏன் முக்கியம்? இங்கிலாந்தின் திருமணப் பதிவில் 2021 வரை மணமக்களின் அப்பா பெயர் மட்டும்தான் இருந்தது. ஸ்காட்லாந்தில் கல்யாணமான பெண்ணுக்கும் பிறந்த வீட்டுப் பெயர் சட்டப்படி தொடர்ந்தது. அதனால் இந்தப் பதிவேடுகளில் பெண்கள் காணாமல் போவதில்லை.

இன்னொரு காரணமும் இருக்கு. அது நமக்கு ரொம்பப் பழக்கமான விஷயம். மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவழிப் பாட்டி பெயர். இது பழைய ஸ்காட்டிஷ் வழக்கம். நம்ம ஊர்ல 'பேரன்' என்கிற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்ததுதானே? விளைவு என்ன ஆகும்? நான்கு அண்ணன் தம்பிகள் தங்கள் மூத்த மகனுக்கு ஒரே தாத்தாவின் பெயரை வைத்தால், ஒரே ஊரில், ஏறக்குறைய ஒரே வயதில், ஒரே பெயரில் நான்கு பேர். அவர்களைப் பிரித்துக்காட்டுவது அம்மாவின் பெயர்தான். குழந்தை இறந்துபோனால் அடுத்துப் பிறந்த குழந்தைக்கு அதே பெயரை வைப்பதும் உண்டு. ஒரு வீட்டில் இரண்டு மார்கரெட் வந்தால், முதல் மார்கரெட்டின் இறப்புப் பதிவை ஒருமுறை தேடிப் பார்க்கணும்.

1841 முதல் பத்து வருஷத்துக்கு ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இருக்கிறது. ஆனால் 1841-ல் ஒரு பக் உண்டு. 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதச் சொன்னார்கள். 44 வயசுக்காரர் 40 ஆகிவிடுவார். அதை நம்பிப் பிறந்த வருஷத்தைக் கணக்குப் போட்டால் போச்சு.

1855-க்கு முன்னால்? அப்போது எல்லாம் சர்ச் கையில். ஸ்காட்லாந்து திருச்சபையின் பழைய பங்குப் பதிவேடுகளில் மிகப் பழையது எர்ரல் என்ற ஊருடையது, 1553-ல் தொடங்குகிறது. ஆனால் ஒரே மாதிரி எங்கேயும் எழுதவில்லை. எழுதுபவரைப் பொறுத்தது. இறப்பைப் பல ஊர்களில் எழுதவே இல்லை. 1783-ல் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி போட்டார்கள். காசு கொடுக்க மனமில்லாதவர்கள் பதியாமலே விட்டார்கள். 1843-ல் திருச்சபை இரண்டாக உடைந்தபோது, பெரிய கூட்டம் வேறு சபைக்குப் போய்விட்டது. அவர்களை இந்தப் பதிவேட்டில் தேடினால் கிடைக்கமாட்டார்கள்.

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் கனமான பகுதி. ஒவ்வொரு ஊரிலும் பாதிரியாரும் மூப்பர்களும் சேர்ந்த ஒரு குழு இருந்தது. பெயர் கிர்க் செஷன். கல்யாணம் ஆகாத ஒரு பெண் கர்ப்பமானால் அவளைக் கூப்பிட்டு, 'அப்பா யார்?' என்று விசாரிப்பார்கள். பதிலை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதுவார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை ஊர் முன்னால் சர்ச்சில் நிற்கவைத்துக் கண்டிப்பார்கள். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ்கூட 1786-ல், ஜீன் ஆர்மர் கர்ப்பமான விஷயத்தில், மாக்லின் சர்ச்சில் அப்படி நின்றவர்தான். ஒழுக்கம் மட்டும் காரணம் இல்லை, பணமும்தான். 1845 வரை ஏழைகளைப் பார்த்துக்கொள்ளும் செலவு பெரும்பாலும் சர்ச்சின் தலையில் இருந்தது. அப்பா யாரென்று தெரிந்தால் குழந்தையின் செலவை அவர் தலையில் கட்டலாம்.

1855-க்குப் பிறகும் அந்தக் கறை போகவில்லை. பிறப்புப் பதிவில் 'முறைகேடான பிறப்பு' என்று எழுதினார்கள். அப்பா நேரில் வந்து அம்மாவோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் அவர் பெயர் ஏறும். பிரிட்டிஷ் தொழிலாளர் கட்சியைக் கட்டியவர்களில் முக்கியமானவர் கீர் ஹார்டி. 1856-ல், கல்யாணமாகாத வீட்டுவேலைக்காரப் பெண் மேரி கீருக்குப் பிறந்தவர். மேரி பிற்பாடு மணந்த தச்சர் டேவிட் ஹார்டி. அந்தப் பையன் 1892-ல் பார்லிமென்ட்டுக்குள் போனபோது, அம்மாவின் பெயரும் வளர்ப்பு அப்பாவின் பெயரும் கூடவே போயின.

அவமானப்படுத்த எழுதிய அந்தப் பக்கங்கள்தான் இன்றைக்குப் பல ஏழைப் பெண்கள் வாழ்ந்ததற்கு இருக்கும் ஒரே சாட்சி. கண்டித்தவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா அந்தப் பேப்பர் இல்லைன்னா அவங்க பேரே நமக்குத் தெரிஞ்சிருக்காது.

பார்க்க ஆசைப்படுறவங்க ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் வெப்சைட்டுக்குப் போங்க. அது அரசாங்கத்துடையது. இண்டெக்ஸ்ல தேடுறது இலவசம், அசல் பக்கத்தோட படத்துக்குக் கொஞ்சம் காசு. பிறப்பு 100 வருஷம், திருமணம் 75, இறப்பு 50 தாண்டியிருந்தால்தான் படம் ஆன்லைனில் வரும்.

இதையெல்லாம் படிச்சப்புறம் அம்மாவுக்கு போன் பண்ணி, "உங்க பாட்டியோட அம்மா பேர் என்னம்மா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "பெரியாத்தான்னுதான்டா கூப்பிடுவோம்" என்றார்கள். நம்ம வீட்டுல அந்தப் பேர் எந்தப் புத்தகத்துலயும் இல்லை. யாரோ ஒருத்தரோட ஞாபகத்துல மட்டும்தான் இருக்கு. அந்த ஒருத்தர் உங்க வீட்டுல இன்னும் இருந்தா, இந்த வாரமே கேட்டு, பேரு, ஊரு, பிறந்த வீடு மூணையும் எழுதி வெச்சுடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.