எகனாமெட்ரிக்ஸ் ஓர் அறிமுகம்: மல்லிகை விலை முதல் கொட்டாம்பட்டித் தராசு வரை

பொருளாதாரம் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு 'எகனாமெட்ரிக்ஸ்' என்ற பெயரைக் கேட்டாலே காய்ச்சல் வந்துவிடும். தமிழில் இதைப் பொருளாதார அளவையியல் என்கிறார்கள். புத்தகத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே கிரேக்க எழுத்துகள் வரிசைகட்டி நிற்கும். ஆனால் இந்தத் துறை கேட்கும் கேள்வி நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் கேள்விதான். "இது செஞ்சதாலதான் அது நடந்துச்சா? இல்ல, எப்படியும் நடந்திருக்குமா?" அவ்வளவுதான் விஷயம்.

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல முடியும் என்பது நம் கையில் எந்த வகைத் தரவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அந்த வகைகளை மதுரையையும் சுற்றுவட்டாரத்தையும் வைத்தே பார்த்துவிடலாம். கணக்கு அதிகம் இல்லை, பயப்பட வேண்டாம்!

பெயர் வந்த கதை

நார்வே நாட்டுப் பொருளியலாளர் ராக்னர் ஃபிரிஷ் 1926ல் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பொருளாதாரக் கோட்பாடு, கணிதம், புள்ளியியல் மூன்றும் ஒன்றாகச் சேரவேண்டும் என்பது அவர் எண்ணம். 1930 டிசம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரில் எகனாமெட்ரிக் சொசைட்டி தொடங்கியது. 1933ல் 'எகனாமெட்ரிக்கா' என்ற இதழ் வந்தது. பொருளாதாரத்துக்கான முதல் நோபல் பரிசு 1969ல் வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர்கள் ஃபிரிஷும் நெதர்லாந்தின் யான் டின்பெர்கனும். இந்தியாவில் பி.சி. மகலனோபிஸ் 1931ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1950ல் தேசிய மாதிரி ஆய்வு ஆரம்பமானது. 1960ல் இந்திய எகனாமெட்ரிக் சொசைட்டியும் வந்துவிட்டது.

இந்தத் துறையின் அடிப்படைச் சமன்பாடு ஒன்றே ஒன்றுதான். கரிசல் காட்டுப் பருத்தியை வைத்துச் சொன்னால்:

விளைச்சல் = அ + (ஆ × மழை) + மற்றவை

'ஆ' என்பதுதான் நாம் தேடும் எண். மழை ஒரு சென்டிமீட்டர் கூடினால் விளைச்சல் எவ்வளவு கூடும் என்பதை அது சொல்லும். கடைசியில் நிற்கிறதே 'மற்றவை', அதுதான் வில்லன். விதை, உரம், பூச்சி, உழைப்பு, அதிர்ஷ்டம் என்று நாம் அளக்காத எல்லாம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. மழை கூடும்போது 'மற்றவை'யும் சேர்ந்து மாறினால், நாம் கண்டுபிடித்த 'ஆ' பொய் சொல்லும். எகனாமெட்ரிக்ஸின் சரித்திரமே இந்த 'மற்றவை'யோடு போட்ட சண்டைதான்.

1. காலத்தொடர் தரவு

ஒரே விஷயத்தை நாள்தோறும், மாதந்தோறும், வருடந்தோறும் அளந்தால் அது காலத்தொடர் தரவு. மதுரை மல்லிகைக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது நினைவிருக்கும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அதன் விலையைத் தினமும் குறித்து வைத்தால் அருமையான காலத்தொடர் கிடைக்கும்.

அதை வரைபடமாகப் போட்டால் மார்கழி, தை மாதங்களில் விலை சர்ரென்று ஏறும். ஏன்? பனியில் செடி அதிகம் பூப்பதில்லை, வரத்து குறைகிறது. அதே சமயம் பொங்கலும் தை முகூர்த்தங்களும் வருவதால் கேட்பவர் கூட்டம் கூடுகிறது. ஏறிய விலையில் பனிக்கு எவ்வளவு பங்கு, கல்யாணத்துக்கு எவ்வளவு பங்கு? விலைப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை நாள் முறைத்துப் பார்த்தாலும் தெரியாது.

இதே சிக்கலைத்தான் அமெரிக்கப் பொருளியலாளர் ஈ.ஜே. வொர்க்கிங் 1927ல் எழுதினார். விலையையும் விற்ற அளவையும் புள்ளிகளாக வைத்து ஒரு கோடு போட்டுவிட்டால் அது தேவைக் கோடு ஆகிவிடாது. தேவையும் அளிப்பும் இரண்டும் நகர்ந்துகொண்டிருந்தால் அந்தக் கோடு இரண்டில் எதையும் காட்டாது. ஒன்று மட்டும் நகர்ந்து மற்றது அசையாமல் நிற்கும் சமயத்தைப் பிடிக்கவேண்டும். முகூர்த்தமே இல்லாத ஒரு வாரத்தில் திடீரென்று கடும்பனி விழுந்தால், அந்த வாரத்து விலை நமக்கு ஒரு உண்மையைச் சொல்லும்.

2. குறுக்குவெட்டுத் தரவு

ஒரே நேரத்தில் பல ஊர்களை, பல வீடுகளை அளந்தால் அது குறுக்குவெட்டுத் தரவு. வாழைத்தண்டைக் குறுக்கே வெட்டி உள்ளே பார்ப்பது போல. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதற்கு நல்ல உதாரணம். 2011 கணக்கெடுப்பில் மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகை 30 லட்சத்து 38 ஆயிரம். அது 2011 மார்ச் 1 என்ற ஒரு தருணத்தின் போட்டோ.

1895ல் பெரியாறு அணைத் தண்ணீர் மதுரைப் பக்கம் வந்தது. மேலூர் வட்டாரம் நெல் விளையும் பூமியானது. இன்று மேலூர் பக்கத்து ஊர் ஒன்றையும் பேரையூர் பக்கத்து மானாவாரி ஊர் ஒன்றையும் அளந்து, "வருமான வித்தியாசம் முழுக்கத் தண்ணீரால்தான்" என்று சொல்லலாமா? கூடாது. மண் வேறு, பயிர் வேறு, டவுனுக்கு உள்ள தூரம் வேறு. எல்லாம் 'மற்றவை'க்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. குறுக்குவெட்டு வித்தியாசத்தைக் காட்டும், காரணத்தை அவ்வளவு சுலபமாகக் காட்டாது.

3. திரும்பத் திரும்ப எடுத்த போட்டோக்கள்

இங்கே ஒரு சுவாரசியமான சரித்திரம் இருக்கிறது. 1915ல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். அதற்குமுன் ஆக்ஸ்போர்டில் ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். புத்தகத்தை மட்டும் வைத்துப் பாடம் நடத்தினால் போதாது என்று நினைத்து, 1916ல் மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்து எழுதச் சொன்னார். அவை தொகுக்கப்பட்டு 1918ல் நூலாக வந்தன. அதில் உள்ள கிராமங்களில் ஒன்று வடமலாபுரம். அன்று ராமநாதபுரம் மாவட்டம், இன்று விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசி வட்டாரம். திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டான், தஞ்சைப் பக்கம் பாலக்குறிச்சி, தென்னாற்காட்டில் இருவேல்பட்டு, வடஆற்காட்டில் தூசி ஆகியவையும் உண்டு.

விஷயம் இதோடு முடியவில்லை. 1936-37ல் பேராசிரியர் பி.ஜே. தாமசும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களை மறுபடி ஆய்வு செய்ய ஏற்பாடு செய்தார்கள். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் திரும்பப் போனார்கள். 2008ல் இருவேல்பட்டுக்கு இன்னொரு குழு போய்வந்தது. ஒரே ஊரைப் பற்றித் தொண்ணூறு ஆண்டுக்கும் மேல் நீளும் பதிவு! உலகத்தில் இப்படிப்பட்ட கிராமங்கள் அதிகம் இல்லை.

ஆனால் அளவையியல் கண்ணோடு பார்த்தால் இரண்டு எச்சரிக்கைகள் தேவை.

ஒன்று, இந்தக் கிராமங்கள் குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டவை அல்ல. மாணவர்களுக்குத் தொடர்பு இருந்த ஊர்கள் உள்ளே வந்தன. அந்தக் காலத்தில் ஒரு ஊரிலிருந்து பையன் சென்னைக்குப் போய்க் கல்லூரியில் படிக்கிறான் என்றாலே அது சராசரி ஊர் இல்லை. ஆகவே ஐந்து கிராமத்தை வைத்து மாகாணம் முழுவதையும் பேசமுடியாது. மாதிரியைக் குலுக்கல் முறையில் எடுக்கவேண்டும் என்று மகலனோபிஸ் ஏன் அவ்வளவு வலியுறுத்தினார் என்பது இங்கே புரியும்.

இரண்டு, 1916க்கும் 1936க்கும் நடுவில் என்னவெல்லாம் நடந்தது என்று பாருங்கள். முதல் உலகப்போர்க் கால விலையேற்றம், 1929க்குப் பிறகு வந்த பெருமந்தத்தில் விலைச்சரிவு, 1920களில் சிவகாசிக்கு வந்த தீப்பெட்டித் தொழில். வடமலாபுரத்தில் ஒரு மாற்றம் தெரிந்தால் அதை இவற்றில் எதன் கணக்கில் எழுதுவது? அதோடு, ஊர் ஒன்றுதான், வீடுகள் அதே வீடுகள் என்று சொல்லமுடியாது. இடையில் கொழும்புக்கோ மலேயாவுக்கோ போன குடும்பம் இரண்டாவது போட்டோவில் இருக்காது. ஏழைகள் எல்லாம் ஊரைவிட்டுப் போய்விட்டாலும், கணக்கில் "வறுமை குறைந்தது" என்றுதான் வரும்!

இப்படி வேறு வேறு காலத்துக் குறுக்குவெட்டுகளைச் சேர்த்து வைத்தால் அது தொகுத்த தரவு. அதே நபரை, அதே வீட்டைத் தொடர்ந்து போய் அளந்தால் அது பேனல் தரவு. நாம் அடுத்துப் பார்க்கப்போவது அதைத்தான்.

4. பேனல் தரவும் கொட்டாம்பட்டிக் குழந்தைகளும்

1980ல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. முன்னோட்டமாக எடுத்துக்கொண்ட இடம் மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியம். ஊரைச் சேர்ந்த ஒரு பெண்ணே ஊட்டச்சத்துப் பணியாளர். 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடைபோட்டு அட்டையில் குறிக்கவேண்டும். எல்லாருக்கும் சாப்பாடு கிடையாது. எடை சரியாக ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துணவு. தேறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள்.

அந்த அட்டைதான் பேனல் தரவு. அதே குழந்தை, மாதாமாதம். பேனலின் பெரிய பலம், ஒரு குழந்தையை இன்னொரு குழந்தையோடு ஒப்பிடாமல் அதனோடேயே ஒப்பிடலாம். பிறவியிலேயே உடம்பு சின்னது, அம்மா உயரம் குறைவு போன்ற மாறாத 'மற்றவை' எல்லாம் கழிந்துபோகும்.

அப்படியானால் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதா? இல்லை. மூன்று முட்டுக்கட்டைகள்.

முதலாவது, எடை குறைந்த மாதம் பார்த்துத்தானே குழந்தையைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? வயிற்றுப்போக்கால் அந்த மாதம் இளைத்த குழந்தை, உருண்டை கொடுக்காவிட்டாலும் ஓரளவு தேறியிருக்கும். 1886ல் ஃபிரான்சிஸ் கால்ட்டன் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை ஆராய்ந்தபோது, மிக உயரமானவர்களின் பிள்ளைகள் சராசரியை நோக்கித் திரும்புவதைக் கண்டார். அதற்கு அவர் வைத்த பெயரிலிருந்துதான் நாம் படிக்கும் 'ரிக்ரெஷன்' என்ற சொல்லே வந்தது. 90 நாளில் தேறிய எடையில் உருண்டையின் பங்கு எது, தானாகத் திரும்பியது எது?

இரண்டாவது, 1982 ஜூலை 1ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கிராமங்களில் 2 வயது முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு மதிய உணவு. ஆக, 2 முதல் 3 வயதுக் குழந்தைக்கு இரண்டு திட்டமும் ஒரே நேரத்தில்! எடை ஏறினால் பாராட்டு யாருக்கு? அதே சமயத்தில் வறட்சி வேறு. வறட்சியில் எடை குறையாமல் நின்றதே பெரிய வெற்றியாக இருக்கலாம். ஆனால் 'முன்பு, பின்பு' கணக்கில் அது பூஜ்யமாகத்தான் தெரியும்.

மூன்றாவது, திட்டத்துக்கு மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்ததே உணவு குறைவாக இருந்த பகுதிகள் என்பதால்தான். தேர்ந்தெடுக்காத வசதியான பகுதியோடு நேராக ஒப்பிட்டால், திட்டம் நடந்த ஊர் எப்போதும் பின்தங்கியே தெரியும். "பணம் செலவழித்தும் பயனில்லை" என்று யாராவது கோப்பை மூடிவிட்டால் நஷ்டம் குழந்தைகளுக்கு.

இதற்கு வழி என்ன? திட்டம் எல்லா ஒன்றியத்துக்கும் ஒரே நாளில் போகவில்லை, படிப்படியாகத்தான் போனது. எனவே திட்டம் வந்த ஒன்றியத்தில் எடை எவ்வளவு மாறியது, அதே காலத்தில் திட்டம் வராத ஒன்றியத்தில் எவ்வளவு மாறியது என்று பார்த்து, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிக்கலாம். வறட்சியும் மதிய உணவும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பாதித்திருந்தால் அவை கழிந்துவிடும். ஒன்றியத்தின் சராசரியை எடுப்பதால், தானாகத் தேறுவதும் இளைப்பதும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். ஆரம்பத்தில் இருந்த ஏற்றத்தாழ்வும் தொல்லை தராது, ஏனென்றால் நாம் கழிப்பது மாற்றத்தை. இதற்கு 'வித்தியாசங்களின் வித்தியாசம்' என்று பெயர். இன்று உலகம் முழுக்கப் பயன்படும் முறை இது.

உலக வங்கியின் பின்னாளைய மதிப்பீடும் கடுமையான ஊட்டக்குறைவு திட்டப் பகுதிகளில் குறைந்தது என்றே சொன்னது. திட்டத்தின் இரண்டாம் கட்டம் 1990ல் தொடங்கியது. கொட்டாம்பட்டியில் யாரோ ஒரு அக்கா தவறாமல் எடைபோட்டு எழுதி வைத்திருக்காவிட்டால் இந்த விவாதத்துக்கே இடமிருந்திருக்காது.

நமக்கு என்ன பயன்?

தேர்வுக்கு நான்கு வகைகளை மனப்பாடம் செய்தால் ஐந்து மார்க் கிடைக்கும். ஆனால் பேப்பரில் "இந்தத் திட்டத்தால் இத்தனை சதவீதம் உயர்வு" என்று செய்தி வரும்போதுதான் இந்தப் பாடம் உண்மையில் வேலைக்கு வரும். அப்போது மூன்று கேள்வி கேளுங்கள். அளந்தது அதே ஆட்களையா, வேறு ஆட்களையா? அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? திட்டம் போகாத இடத்தில் அதே காலத்தில் என்ன நடந்தது? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத செய்தியை முழுசாக நம்பிவிடாதீர்கள், அது ஆளுங்கட்சி சொன்னாலும் சரி, எதிர்க்கட்சி சொன்னாலும் சரி.

இன்னொன்று. 1916ல் கேள்வித்தாளோடு கிராமத்துக்குப் போனவர்கள் நம்மைப்போல மாணவர்கள்தான். கம்ப்யூட்டர் கிடையாது, சாஃப்ட்வேர் கிடையாது. கையிலிருந்தது நோட்டும் பேனாவும். லீவுக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் தெருவில் பத்து வீட்டின் கூலி, கடன், படிப்பு, வேலை விவரத்தைத் தேதி போட்டு, என்ன கேள்வி கேட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதி வையுங்கள். இருபது வருஷம் கழித்து வேறொருவர் அதே பத்து வீட்டுக்குப் போய் அதே கேள்விகளைக் கேட்டால், நீங்கள் எழுதியது ஒரு பேனலின் முதல் பக்கமாகிவிடும்.