கான்கார்டின் திராட்சைத் தோட்டக்காரர்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 20 மைல் தொலைவில் கான்கார்ட் என்னும் சிற்றூர் உள்ளது. எமர்சன், தோரோ, ஹாதார்ன் ஆகியோரின் ஊர் என்றே நம்மில் பலர் அதனை அறிவோம். ஹாதார்னின் அண்டை வீட்டில் மண்ணோடு பாடுபட்ட பழத் தோட்டக்காரர் ஒருவரை நாம் ஏனோ அறிந்துகொள்ளவில்லை. எஃப்ரெம் வேல்ஸ் புல் என்பது அவர் பெயர்.

1806இல் பாஸ்டனில் பிறந்த புல், தங்கத்தைத் தட்டி மெல்லிய ரேக்காக்கும் தொழிலைக் கற்றவர். 1836இல் கான்கார்டில் குடியேறிய பின்னரும் அத்தொழிலே அவருக்குச் சோறிட்டது. உள்ளமோ திராட்சையையே நாடிற்று. ஐரோப்பியக் கொடிகள் அப்பகுதியின் குளிரைத் தாங்கமாட்டாமல் மடிந்தன. தாங்கிய சில வகைகளும் உறைபனிக்கு முன் பழுக்கவில்லை. எனவே அம்மண்ணுக்கே உரிய காட்டுத் திராட்சையைத் திருத்தி எடுக்க அவர் துணிந்தார்.

1843இல் விதை ஊன்றினார். திராட்சை விதை தாயைப் போன்ற பிள்ளையைத் தருவதில்லை. ஒவ்வொரு நாற்றுக்கும் ஒவ்வொரு குணம். வளர்த்து, காய்க்கும் வரை காத்திருந்து, சுவைத்துப் பார்த்து, பெரும்பாலானவற்றைப் பிடுங்கி எறிய வேண்டும். தம் வாழ்நாளில் 22,000க்கும் மேற்பட்ட நாற்றுகளை அவர் வளர்த்தார் என்பர். எத்தகைய பொறுமை அது! 1849இல் ஒரு கொடி கருநீலக் குலைகளை ஈந்தது. அவை மணமும் இனிமையும் கொண்டு, பனிக்கு முன்னரே கனிந்திருந்தன. 1853இல் மாசசூசெட்ஸ் தோட்டக்கலைச் சங்கத்தின் கண்காட்சியில் ஊரின் பெயராலேயே அக்கனி அறிமுகமாயிற்று.

மறு ஆண்டு, கொடி ஒன்று 5 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. முதலாண்டு வருவாய் 3,200 டாலர் எனக் கூறப்படுகிறது. ஆனால் கேடும் அங்கேயே பிறந்தது. விதையில் மாறுகின்ற திராட்சை, வெட்டி நட்ட தண்டில் மாறுவதில்லை. ஒரு கொடியை வாங்கிய நாற்றுப்பண்ணைக்காரர் அதிலிருந்து நூறு கொடிகளை உண்டாக்கி விற்கலாம். புல்லுக்கு ஒரு காசும் தர வேண்டுவதில்லை. அவ்வாறே நடந்தது. புதிய இயந்திரம் செய்தவனுக்கு உரிமை வழங்கிய அந்நாட்டுச் சட்டம், புதிய கனி தந்தவனைக் கண்டுகொள்ளவில்லை. புல்லின் மனக்கசப்பை வெறும் பேராசையெனத் தள்ளிவிட நம்மால் இயலவில்லை.

1869இல் நியூ ஜெர்சியின் வைன்லாந்தில், தாமஸ் வெல்ச் என்னும் பல் மருத்துவர் இக்கனியின் சாற்றைச் சூடாக்கி, புளித்து மதுவாகாதபடி புட்டியில் அடைத்தார். தேவாலயச் சடங்கிலும் மது கூடாது என்று கருதிய கிறிஸ்தவர் அவர். மது விலக்கப்பட்ட சமுதாயத்தினரான நமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருகிறது. பெரும் தொழிலாக வளர்ந்த அச்சாற்றிலும் புல்லுக்குப் பங்கில்லை.

மரம் நட்டவனுக்கு, அதில் பறவை கொத்திய கனியும் தர்மமாகும் என்னும் நபிமொழியை நாம் அறிவோம். ஆயினும் மறுமையின் கூலியைக் காட்டி உழைப்பவனின் இம்மைக் கூலியை மறுப்பதற்கு மார்க்கத்தில் இடமில்லை.

முதுமையில் ஏணியிலிருந்து விழுந்து நலிந்த புல், ஊரின் முதியோர் இல்லத்தில் தங்கி, 1895 செப்டம்பரில் காலமானார். அவர் விதைத்ததைப் பிறர் அறுத்தனர் என்னும் பொருள்படும் சொற்கள் அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளன. தண்டு நட்டுப் பெருக்கும் புதிய பயிர்வகைகளுக்கு அமெரிக்காவில் உரிமைச் சட்டம் வந்தது 1930இல்; அவர் மறைந்து 35 ஆண்டுகள் கழிந்த பின்னர்.