பெட்ரோலைத் தின்ற ஈஸ்ட்

'பெட்ரோல் பிஃப்தெக்' என்று பிரெஞ்சுக்காரர்கள் ஒரு காலத்தில் கிண்டலாகச் சொல்வார்கள். பிஃப்தெக் என்றால் மாட்டுக்கறித் துண்டு. பிரெஞ்சில் படித்த எங்களுக்கும் சிரிப்புதான். ஆனால் அதன் பின்னால் இருந்தது நிஜமான வேலை.

பிரான்சின் தெற்கே, மார்செய் நகருக்குப் பக்கத்தில், லவேராவில் பி.பி. கம்பெனியின் சுத்திகரிப்பு ஆலை இருந்தது. 1950களின் கடைசியில் அங்கே அல்ஃப்ரெட் ஷாம்பாஞா என்பவர் யோசித்தது சாப்பாட்டைப் பற்றி அல்ல. டீசலில் பாரஃபின் மெழுகு கலந்திருக்கும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவதுபோல் அது குளிரில் உறைந்து குழாயை அடைக்கும். அந்த மெழுகை மட்டும் நுண்ணுயிரைத் தின்ன வைக்கலாமா என்று பார்த்தார்.

கேண்டிடா என்ற ஈஸ்ட் தின்றது. பாரஃபின் என்பது கார்பன் அணுக்கள் நேராகக் கோத்த சங்கிலி. ஈஸ்ட் அதன் நுனியில் ஆக்சிஜனைச் சேர்த்து முதலில் ஆல்கஹாலாகவும் பிறகு கொழுப்பு அமிலமாகவும் மாற்றும். அதற்குப் பிறகு நாம் சாப்பிட்ட நெய்க்கு நடப்பதுதான். இரண்டிரண்டு கார்பனாக நறுக்கிக்கொண்டே போகும். எண்ணெயில் நைட்ரஜன் இல்லாததால் அம்மோனியா ஊற்ற வேண்டும். காற்றும் ஊத வேண்டும். சூடு ஏறும், ஆற்ற வேண்டும். ஒரு டன் பாரஃபினுக்கு ஏறக்குறைய ஒரு டன் ஈஸ்ட் கிடைத்தது, அதில் பாதிக்கு மேல் புரதம்!

உலகத்துப் பசியைப் பற்றி எல்லோரும் பேசிய காலம். நாமே ரேஷன் கடையில் அமெரிக்கக் கோதுமைக்கு நின்றோமே. லவேராவிலும் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத்திலும் ஆலைகள் வந்தன. சரக்கு 'டொப்ரினா' என்ற பெயரில் கால்நடைத் தீவனமாகப் போனது. 1976-ல் ஷாம்பாஞாவுக்கு யுனெஸ்கோ அறிவியல் பரிசு.

ஆனால் 1973-ல் அரபு நாடுகள் பிடித்த பிடியில் எண்ணெய் விலை சில மாதங்களில் நான்கு மடங்கு ஆகிவிட்டது. சோயாவோடு இனி போட்டி போட முடியுமா? ஆயுள் முழுக்க ஃபைல் பார்த்தவன் நான். ஈஸ்ட் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வரவு செலவுதான் ஒத்துவரவில்லை. பயமும் சேர்ந்துகொண்டது. ஜப்பானில் மக்கள் எதிர்ப்பால் அதே ஆண்டு திட்டம் நின்றது. இத்தாலியில் சார்தீனியா தீவின் சர்ரோக்கில் ஆண்டுக்கு 1 லட்சம் டன்னுக்குக் கட்டிய ஆலை, சுகாதார அதிகாரிகளின் அனுமதிக்குக் காத்திருந்தே மூடப்பட்டது.

எண்ணெய் தாராளமாக இருந்த சோவியத் நாட்டில் மட்டும் இது பெரிய தொழிலாக நடந்தது. அங்கும் 1987-ல் கிரிஷி நகரத்து மக்கள், புரத ஆலையின் தூசி ஒவ்வாமை தருகிறது என்று தெருவில் இறங்கினார்கள்.