மலைநாட்டு வேட்டைத் துவக்கும் மாறிய குழலும்

ஒரு நாட்டின் வரலாறு அரசர்தம் கொடிவழியிலும் போர்க்களத்து வெற்றி தோல்விகளிலும் மட்டும் அடங்கிவிடுவதன்று. உழவன் கலப்பையும் கொல்லன் உலையும் வேடன் படைக்கலமும் தத்தம் வரலாற்றைத் தம்முள்ளே கொண்டுள்ளன. பழுதுற்ற பொருளொன்றை வேறு பயனுக்கு மாற்றியமைத்த செயலிலே அக்காலத்து மக்களின் தேவையும் அறிவும் ஒருங்கே புலப்படும். நுவரெலியா, அற்றன் முதலாய இடங்களை உள்ளடக்கிய மலைநாட்டிலே வழங்கிய வாய்வழித் துவக்கையும், பழுதுற்ற புரிக்குழல் ரவைக் குழலாக மாறும் முறையையும் இந்நோக்கிலே ஈண்டு ஆராய்வாம்.

யாம் 'துவக்கு' என்றும் தமிழகத்தார் 'துப்பாக்கி' என்றும் வழங்குவது துருக்கிய மொழியிலிருந்து வந்த சொல்லென்பர். சிங்கள மொழியிலும் இச்சொல்லே 'துவக்குவ' என வழங்குகின்றது. வாய்வழியாக மருந்தையும் குண்டையும் இட்டுக் கோலால் இடித்துச் செறிப்பதனால், இவ்வகைக்கு 'இடியன்' என்னும் பெயர் நம் மக்களிடையே வழங்கலாயிற்று. 1505இல் போர்த்துக்கேயர் இலங்கையை அடைந்தபின், சிங்களக் கொல்லர் துவக்குச் செய்யுங் கலையை விரைந்து கற்றுத் தேர்ந்தனர். அவர்தம் திறனைப் போர்த்துக்கேய ஆசிரியரே வியந்து எழுதினர். மருந்துக்கு வேண்டிய வெடியுப்பும் மலைநாட்டுக் குகைகளிலே கிடைத்தது. அவ்வுப்புக் காய்ச்சும் தொழிலை 1821இல் வெளிவந்த தம் நூலிலே யோன் டேவி என்பார் விளக்கியுள்ளார். ஆகவே, ஆங்கிலேயர் 1815இல் கண்டியைக் கைப்பற்றுமுன்னரே துவக்குக் குழலை அறிந்த கொல்லர் மலைநாட்டில் இருந்தனர் என்பது தெளிவு.

ஆங்கிலேயர் ஆட்சியில் வேட்டை பெருகியது. 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவரெனக் கூறப்படும் மேசர் றொயேர்சு, 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். அவர் கல்லறை நுவரெலியாவில் உள்ளது. யானையைக் கொல்வார்க்கு அரசே பரிசளித்தது. 1848க்கு முற்பட்ட மூன்றாண்டுக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் கொல்லப்பட்டன என எமேர்சன் தெனன்ற் எழுதினார். 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர், தம் வேட்டை அனுபவங்களை 1854இல் நூலாக வெளியிட்டார். பிறிசுத்தல் நகரத்துக் கிப்சு என்னும் தொழிலாளர் 1840இல் அவர்க்குச் செய்தளித்த புரிகுழல் துவக்கின் நிறை 21 இறாத்தல். அதற்கு ஒருமுறை இடும் மருந்து ஓர் அவுன்சு, அஃதாவது ஏறத்தாழ 28 கிராம்.

இனிக் குழலின் இயல்பை நோக்குவாம். புரிகுழலின் உட்புறத்தே திருகுபோல வரிகள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றைப் பற்றிச் செல்லுங் குண்டு தன்னைத்தானே சுழன்றுகொண்டு நேரே பாயும். ஒற்றைக் குண்டுக்கு இச்சுழற்சி நன்மை பயக்கும். ஆனால் அதே குழலிற் பல சிறு ரவைகளை இட்டுச் சுடின், சுழற்சியானது அவற்றைப் புறத்தே வீசிச் சிதறச் செய்யும். குறியின் நடுவிடம் வெறிதாகிவிட, ரவைகள் வளையம்போல அகன்று போகும். ஆதலின் முயல், காட்டுக்கோழி போன்ற சிறு வேட்டைக்கு வரியற்ற வழுவழுப்பான குழலே ஏற்றது.

புரிகுழல் பழுதுறுவது எவ்வாறு? கரிமருந்து எரிந்தபின் எஞ்சும் உப்புக்கள் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் தன்மையன. சுட்ட அன்றே வெந்நீரால் குழலைக் கழுவித் துடைத்து எண்ணெய் பூசாவிடின், வரிகளின் இடுக்கிலே துரு ஏறிக் குழி விழும். கடல்மட்டத்துக்கு 6,000 அடிக்கு மேலே, மழையும் மூடுபனியும் மாறி மாறிச் சூழும் நுவரெலியாவிலே இக்கேடு எத்துணை விரைவில் நேரும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அன்றியும், குண்டு அடிவரை சென்று மருந்தோடு பொருந்தாது இடைவழியில் நின்றுவிட்டாற் குழல் அவ்விடத்தே புடைத்துக்கொள்ளும், அல்லது வெடிக்கும்.

இவ்வாறு கெட்ட குழலைக் கொல்லன் எறிந்துவிட வேண்டுவதில்லை. வாயருகே பழுதாயின் அப்பகுதியை அறுத்து நீக்கி முனையைச் சமன் செய்யலாம். வரிகள் கெட்டிருப்பின், கூரிய துறப்பணத்தை உட்செலுத்திச் சிறிது சிறிதாகக் கடைந்து அவற்றை முற்றும் நீக்கலாம். பின்னர் மருந்தும், அதன்மேல் அடைப்பும், அதன்மேல் ரவையும், மீண்டும் அடைப்பும் இட்டுச் சுடுதல் முறை. தேங்காய்த் தும்பும் இவ்வடைப்புக்கு உதவும். ஆனால் அடிப்புறத்தே ஆழ்ந்த குழிகள் விழுந்த குழலை எவ்வாற்றானும் பயன்படுத்தலாகாது. மருந்தின் பேராற்றல் முதலிலே தாக்குவது அவ்விடத்தையே.

இம்மாற்றம் தனியார் பட்டறையில் மட்டும் நிகழ்ந்ததன்று. 1857ஆம் ஆண்டு இந்தியப் பெருங்கிளர்ச்சிக்குப் பின், இந்தியச் சிப்பாய்களிடம் தொலைக்குறித் துவக்கு இருத்தலாகாதென அஞ்சிய ஆங்கில அரசு, 0.577 அங்குல அகலமுள்ள என்பீல்டுக் குழல்களின் வரிகளைக் கடைந்து நீக்கி, ஏறத்தாழ 0.65 அங்குலமாக்கி 1858இல் வழங்கியது. கடைந்த குழல்களின் சுவர் மெலிந்து எளிதிற் பழுதுற்றமையால், அடுத்த ஆண்டிலே தடித்த குழல்களைச் செய்யவேண்டியதாயிற்று. பேரரசின் படைக்கலச் சாலைக்கே இடர் விளைத்த இச்செய்தி நமக்கு ஒரு பாடமாகும். இலண்டனிலும் பேர்மிங்காமிலும் குழல்களைப் பெருமருந்திட்டுச் சோதித்து முத்திரையிடும் நிலையங்கள் இருந்தன. மலையகத்துப் பட்டறைக்கு அத்தகைய சோதனைச்சாலை இல்லை. கொல்லன் கணிப்பு ஓர் இழை தவறினும் சுடுவோன் கையும் கண்ணும் போம்.

இனி, பெருங்குண்டுக் குழலுக்கு ரவைக் குழலாகும் தேவை நேர்ந்ததேன்? இதன் விடை மலையின் மாற்றத்திலே உள்ளது. கோப்பித் தோட்டங்களுக்காகக் காடுகள் அழிந்தன. 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி வீழ்ந்தது. 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் யேம்சு தெயிலர் 19 ஏக்கரிலே தொடங்கிய தேயிலை மலையெங்கும் பரவிற்று. 1884இல் அற்றனையும் 1885இல் நானுஓயாவையும் புகைவண்டி எட்டியது. யானைக்கூட்டம் உலாவிய சாரல்களிலே யானை அருகிற்று. பன்றியும் முயலும் காட்டுக்கோழியும் எஞ்சின. கொல்லப்படுதற்குரிய பெருவிலங்கு மறையவே, அதன்பொருட்டு அமைந்த கனத்த குழலும் வேறு தொழில் தேடவேண்டியதாயிற்று எனத் துணியலாம். குழலின் மாற்றம் காட்டின் இழப்பைக் காட்டும் அடையாளமாகின்றது.

இவ்வரலாற்றிலே மறக்கப்பட்டோர் இருவர். ஒருவன் துவக்கைச் செப்பனிட்ட கொல்லன். மற்றவன் அதனைச் சுமந்து சென்ற ஏவலாள். வாய்வழித் துவக்கை மீண்டும் நிரப்பப் பொழுது செல்லும். ஆகவே, ஒரு துவக்கு வெடித்ததும் மற்றொன்றை நீட்டுதற்கு ஆட்கள் துரையின் பின்னே நின்றனர். பாய்ந்துவரும் யானையின் முன்னே, தான் சுடும் உரிமையின்றி நின்றவனின் துணிவு துரையின் துணிவுக்குக் குறைந்ததன்று. எனினும் கல்லறையும் நூலும் துரைக்கே வாய்த்தன.

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் துவக்கு வைத்திருப்பதற்கு உரிமைப்பத்திரத்தை வற்புறுத்தியது. 1937ஆம் ஆண்டின் சட்டம் காட்டு விலங்குகளுக்கும் செடிகொடிகளுக்கும் காப்பளித்தது. பேக்கர் நாய்களுடன் மரைகளைத் துரத்திய ஓட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய காப்பிடங்களுடன் உலக மரபுரிமையாகவும் ஏற்கப்பட்டது. இன்று அங்கே மரைகள் அச்சமின்றி மேய்கின்றன. ஆயினும், காட்டுவழியிற் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கு இந்நாட்டில் இன்னும் ஒழியவில்லை. அஃது ஆளறியாது சுடுவதனால், விலங்கோடு வழிப்போக்கனையும் வீழ்த்துகின்றது.

பழுதுற்ற குழலைப் பயனுடையதாக்கிய கைத்திறன் போற்றத்தக்கது. அழிந்த காட்டைக் கடைந்து சீராக்கவல்ல துறப்பணமோ எக்கொல்லனிடத்தும் இல்லை. வரலாறு பயிலும் மாணவர், பழைய துவக்கொன்றைக் காணுமிடத்து அதன் வாயை நோக்குவதோடு நில்லாது, அதனைச் செப்பனிட்ட கையையும், அது வெடித்த காட்டையும் எண்ணிப் பார்ப்பாராக.