இயந்திர ஒலியும் கமகமும்

நம் இசையிற் சுரம் என்பது அசைவற்று நிற்கும் ஒலியன்று. அது தன்னிலையில் நின்றும் அசைந்தும் அயற்சுரங்களைத் தொட்டும் இயங்குவது. அவ்வியக்கமே கமகம் எனப்படும். 13ஆம் நூற்றாண்டிற் சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்நாகரம் கமகங்களை 15 ஆக வகுக்கின்றது. தோடி, கரகரப்பிரியா ஆகிய இரண்டிற்கும் சாதாரண காந்தாரமே உரியது. எனினும் அதனை அசைக்கும் முறை வேறாதலின், அக்காந்தாரத்தைக் கேட்ட அளவிலேயே பயின்ற செவி இராகத்தை உணர்ந்துகொள்ளும்.

ஆர்மோனியத்தின் கட்டைகளோ இவ்வசைவைத் தரமாட்டா. இக்குறை முதலியவற்றைக் கருதி அகில இந்திய வானொலி 1940இல் அக்கருவியை விலக்கியது. அத்தடை 1971இலேயே ஓரளவு தளர்ந்தது.

மின்னால் ஒலியை ஆக்க முற்பட்டோரும் இவ்விடர்ப்பாட்டையே எதிர்கொண்டனர். மின்னலையியற்றி தரும் ஒலி, மாறாத மீடிறனும் மாறாத உரப்பும் உடையது. ஆதலின் விரைவிற் சலிப்பூட்டும். 1920ஆம் ஆண்டளவில் உருசியரான லெவ் தெர்மின் ஆக்கிய கருவியில், வாசிப்போர் கையைக் காற்றில் அசைத்துச் சுருதியை அசைத்தனர். 1964இல் அமெரிக்கரான றொபேட் மூக் தாம் அமைத்த சிந்தசைசரில் அப்பணியை மின்னழுத்தத்திடம் ஒப்படைத்தார். செக்கனுக்கு ஐந்தாறு முறை அதிரும் மெல்லலையொன்று மற்றோர் அலையின் மீடிறனை ஏற்றியிறக்கினாற் சுருதி நடுங்கும். உரப்பை ஏற்றியிறக்கினால் ஒலி பெருகிச் சுருங்கும். வடிகட்டியை இயக்கினால் ஒலியின் நிறம் மாறும். ஓரலையால் மற்றோரலையை இவ்வாறு ஆளுதலே பண்பேற்றம்.

1969இல் மூக்கின் கருவி அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவகத்தை அடைந்தது. அமெரிக்கரான டேவிட் ரியூடர் ஒலிக்கூடத்தை அமைக்க, கீதா சாராபாய் முதலியோர் அங்கு இசையாக்கத்தில் ஈடுபட்டனர்.

இதற்கிடையே, 1967இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் சௌனிங், சுருதியசைவின் வேகத்தையும் வீச்சையும் படிப்படியாக மிகுத்துப் பார்த்தார். செவி தொடரவியலாத வேகத்தை எய்தியதும், அசைவு அசைவாகக் கேளாது புதியதோர் ஒலிநிறமாகக் கேட்டது. 1973இல் அவர் இதனைக் கட்டுரையாக வெளியிட்டார். 1983இல் யப்பானின் யமகா நிறுவனம் வெளியிட்ட டிஎக்ஸ்7 என்னும் சிந்தசைசர் இம்முறையிலேயே இயங்கிற்று. அசைவு ஒலிக்குப் பின்னர்ச் சேர்க்கும் அணியன்று, ஒலியின் இயல்பையே ஆக்கவல்லது என்பது இதனாற் பெறப்படும்.

ஆயினும் நடுக்கம் யாவும் கமகம் ஆகா. பொறியின் மெல்லலை எச்சுரத்தையும் ஒரே சீராக அசைக்கும். கமகமோ முன்வந்த சுரத்தையும் பின்வரும் சுரத்தையும் நோக்கி மாறுவது. இதனாலேயே இன்று விசைப்பலகையிற் கருநாடக இசை வாசிப்போர், சுருதியை வளைக்கும் சில்லைத் தம் கையாலே இயக்குகின்றனர். கண்டிப் பகுதிக் கோயில்களில் நாதசுரம் வாசிப்போர் துளையைச் சிறிதே திறந்தும் மூச்சை மட்டுப்படுத்தியும் செய்வதும் இத்தகையதே. அசைவைப் பொறி தரலாம். எவ்வசைவு எச்சுரத்திற்கு உரியது எனத் தெரிவது கேள்வி ஞானமேயாம். அந்த ஞானத்தைப் பேணுவோருக்குப் புதிய கருவியைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.